தேர் கொடுத்த நாட்டில் ஓடம் இழுக்க ஒரு வண்டி



கள்ளக்குறிச்சியில் வாழும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கொரு கேள்வி அனுப்பியிருந்தார். பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்றை டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்ல வேண்டுமாம். லாரி வேண்டாம், நடுத்தர அளவிலான பிக்கப் வண்டி போதுமாம். எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். எனக்கு மிதிவண்டிக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் கேட்டார். கடலிலிருந்து அத்தனை தொலைவில், பக்கத்தில் கல்வராயன் மலையை வைத்துக்கொண்டு படகுக்கு என்ன வேலை என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "2024 டிசம்பர் மறந்துவிட்டதா?"

மறக்கவில்லை. அந்த நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் தென்பெண்ணை, திருக்கோவலூர் தொடங்கிக் கடலூர் வரை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. நண்பரின் தாய்மாமன் வீடு அப்படியொரு கரையோர ஊரில் இருக்கிறது. அன்றைக்குப் படகு எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. அதனால் நான்கைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு படகை ஊரிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறார்கள். படகு வாங்கியாயிற்று. இழுக்கத்தான் வண்டி இல்லை.

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் கேள்வி பழைய கேள்வி. நம் மொழி அதை இரண்டு விதமாக எண்ணிப் பார்த்திருக்கிறது. வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் (குறள் 496) தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்கிறார். அதது அதனதன் இடத்தில். பழமொழியோ ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்கிறது. வாழ்வுதாழ்வைச் சொல்லவே நாம் இதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் உவமை தோன்றுவதற்கு முன் காட்சி இருந்திருக்க வேண்டும். ஓடம் ஏறிய வண்டியை யாரோ கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் திருக்கோவலூர் சங்க காலத்தில் மலையமான்களின் ஊர். அவர்களுள் புகழ்பெற்ற மலையமான் திருமுடிக்காரி, வந்த பாணர்க்கும் புலவர்க்கும் தேர்களையே பரிசிலாகக் கொடுத்தவன். காலையிலேயே கள்ளுண்டு களித்திருப்பவனுக்குத் தேர் கொடுப்பது எளிது, இவன் கள்ளுண்ணாத போதும் கொடுத்தான் என்பது கபிலர் புறநானூற்றில் (123) அவனைப் பாராட்டும் முறை. தேரைப் பெற்ற புலவர் அதற்குரிய குதிரைக்கும் தீனிக்கும் என்ன செய்தார் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இலவசமாக வந்த வண்டிக்கும் செலவு உண்டு என்பதை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வந்தது வேறு. இது வண்டிகளின் நாடு, ஓடங்களின் நாடு அன்று. பெண்ணையைப் பெரும்பாலான மாதங்களில் நடந்தே கடக்கலாம். ஓடம் வேண்டியிருப்பது சில நாட்கள் மட்டுமே. அந்தச் சில நாட்களில் அது வண்டியேறித்தான் வர வேண்டும்.

சங்கப் பாடல்களில் தேரைவிட எனக்கு நெருக்கமானது உமணர்களின் உப்பு வண்டி. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் (புறம் 102), மேடு பள்ளம் நிறைந்த நெடுவழி செல்லும் உமணர் அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் சேமவச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிச் செல்வதைக் குறிப்பிட்டு, அதனோடு அவனை ஒப்பிடுகிறார். இன்று வண்டியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேமவச்சு நினைவுக்கு வரும். கனத்த பாரத்தோடு தொலைவழி செல்பவன் கிளம்பும்போதே எது முறியும் என்று யோசித்தவன்.

பாரத்தைக் குறைப்பது இன்னொரு வழி. தென்னிந்தியர் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டதும் அதுவே. பரிசலைப் பாருங்கள். மூங்கில் பின்னல், மேலே தோல். சிறிய பரிசலாயின், கரையேறியதும் ஓட்டியவரே அதைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். ஒகேனக்கலில் இக்காட்சியை நீங்களும் கண்டிருக்கலாம். இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் தாரும். 1520 வாக்கில் விசயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயஸ், ஆனெகுந்தி அருகே ஆற்றைக் கடக்கும் வட்டக் கூடைப் படகுகளில் பதினைந்து இருபது பேர் ஏறினர், குதிரையும் எருதும்கூடக் கடந்தன என்று எழுதிவைத்தார். வண்டி மாடே ஓடத்தில் ஏறியது. கட்டுமரமும் அப்படியே. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தால் அது படகன்று, தனித்தனி மரங்கள், ஆளுக்கொன்றாய்த் தூக்கிவிடலாம். எதைக் கொண்டு இழுப்பது என்ற கேள்வியே எழாதபடி படகைச் செய்தார்கள். 1803-இல் மராத்தியப் போருக்கு ஆயத்தமான ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வெலிங்டன்) மழைக்கால ஆறுகளைக் கடக்க இந்தக் கூடைப் படகுகளையே கட்டச் சொன்னார். ஐரோப்பியப் போர்முறை கற்றவர், ஆற்றங்கரைக்கு வந்ததும் நம்மூர்க் கூடை முடைபவரை நாடினார்.

படகு கனத்துவிட்டால்தான் இழுப்பவர் பற்றிய கவலை தொடங்குகிறது. கிரேக்கத்தில் கொரிந்த் நிலச்சந்தியின் குறுக்கே கி.மு. 600 வாக்கில் கல்பாவிய பாதை ஒன்று போட்டு, கப்பல்களையும் சரக்கையும் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு இழுத்தனர். அதன் பெயர் தியோல்கோஸ். நீளம் ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர் வரை இருக்கும். 1453 ஏப்ரலில் கான்ஸ்தாந்தினோபிளை முற்றுகையிட்ட இரண்டாம் மெஹ்மத், துறைமுக வாயிலில் கிடந்த சங்கிலியைக் கடக்க முடியாமல், ஏறத்தாழ எழுபது கப்பல்களைக் கொழுப்புப் பூசிய கட்டைகள் மீது எருதுகளையும் ஆட்களையும் கொண்டு கலாத்தா மேட்டின் மேல் ஏற்றி மறுபுறம் இறக்கினான். வரலாற்று நூல்கள் மேலேற்றியதை வியக்கும். எனக்கு வியப்பு மறுபுறத்தில். ஏற்றத்தில் எருது ஓய்ந்தால் கப்பல் நிற்கும், அவ்வளவே. இறக்கத்தில் கயிறு நழுவினால் கப்பல் எருதின் மேல் வரும்.

இதை அறிய இஸ்தான்புல் வரை போக வேண்டியதில்லை, திருவாரூர் போதும். ஆழித்தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். வடம் பிடிக்க எவருக்கும் பயிற்சி வேண்டாம், என்னைப் போன்றவர்களும் பிடிக்கலாம். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் வேலை பழகியவர். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில். அத்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரரின் இடம் போகவில்லை.

இனி மாட்டுவண்டிக்கு வருகிறேன். நண்பரின் கேள்விக்கு உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது.

இரட்டைமாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுபவர்கள் முதலில் பார்ப்பது முன்பாரம், பின்பாரம். அச்சுக்குப் பின்னால் சுமை கூடினால் ஏர்க்கால் மேலெழும்பும். நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டுத் தூக்கிக்கொண்டு, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்னால் கூடினால் கழுத்து அழுந்திப் புண்ணாகும். ஆதலால் அளவாக, சற்றே முன்பாரமாக ஏற்றுவார்கள். இறக்கம் வந்தால் வண்டிக்காரர் கீழே குதித்து, மாட்டுக்கு முன்னே நின்று தாங்கிப் பிடித்து இறக்குவார். மாட்டின் வலிமை என்பது இழுப்பதில் பாதி, தாங்குவதில் பாதி.

மாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அரசுகளே கவனம் செலுத்தியிருக்கின்றன. மைசூர் அரசர்கள் வளர்த்த அமிர்தமகால் மாடுகள் ஐதர் அலி, திப்பு காலத்தில் பீரங்கி இழுத்தன. அவற்றைக் கொண்டு ஐதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரம் போய்ச் சேர்ந்ததாகக் கால்நடை நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துத் தியாகதுருகம் கோட்டையை 1790-இல் திப்புவின் படை தாக்கியபோது கேப்டன் ஃபிளின்ட் அதைக் காத்து நின்றார் என்பது கோட்டைக் கதைகளில் ஆர்வமுள்ளோர் அறிந்ததே. அந்தப் போர்களிலெல்லாம் படை எத்தனை தூரம் போகும் என்பதை மாடுகளே முடிவு செய்தன. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அந்த மந்தைகளைத் தமதாக்கிக்கொண்டனர். 1860-இல் சென்னை ஆளுநர் டிரெவெல்யன் சிக்கனம் கருதி அவற்றை விற்றுவிட, 1866-இல் மறுபடியும் மந்தையை உருவாக்க வேண்டியதாயிற்று. நல்ல இழுவைக்கு ஆகும் செலவைக் கணக்கில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு.

கல்வராயன் மலைக்கு இவ்வண்டிகளெல்லாம் நெடுங்காலம் ஏறவில்லை. மலையின் வடபகுதியான சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, தென்பகுதியான பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம் என்பர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்களின் வழியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர், சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற சாகிர்தாரர்களின் ஆட்சியில் இருந்தனர். இந்தியா விடுதலை பெற்றும் அந்த ஆட்சி நீடித்து 1976-இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. அதுவரை கடுக்காயும் சாமையும் புளியும் பெரும்பாலும் தலைச்சுமையாகவே இறங்கின. சாலை ஒரு வரலாற்று ஆவணம் என்று நான் சொல்வதுண்டு. எந்த ஆண்டில் எந்த ஊருக்குச் சக்கரம் போயிற்று என்று பார்த்தால் யார் யாரை மனிதராக மதித்தார் என்பது தெரிந்துவிடும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பின், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானே முன்வந்து வழக்கெடுத்தது. அப்போதும் பேச்சு சாலையில் வந்து நின்றது.

சாலை வந்த பின் வண்டிகள் வந்தன. முதலில் ஜீப். பிறகு டெம்போ. அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே மறந்துபோய்ச் சிறு சரக்கு வண்டிக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. 1986-இல் டாட்டா 407, 1988-இல் டாட்டாமொபைல், 2005-இல் ஏஸ் என்னும் குட்டி யானை, இவற்றோடு மஹிந்திரா பொலேரோ பிக்கப். இன்று கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு இறங்கும் வண்டிகள் பெரும்பாலும் இந்த இனம். அமெரிக்காவில் ஃபோர்டு 1925-இல் டி மாடல் காரின் பின்புறத்தைத் திறந்த பெட்டியாக்கி 281 டாலருக்கு விற்றபோது பிக்கப் என்ற பெயர் நிலைபெற்றது. ஆஸ்திரேலியாவில் ஓர் உழவரின் மனைவி, ஞாயிறன்று தேவாலயம் போகவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று எழுதிய கடிதத்தால் 1934-இல் அங்கே அதன் உறவு வண்டி பிறந்ததாகச் சொல்வார்கள். படகை டிரெய்லரில் கோத்து ஏரிக்குப் போவது இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்விரு நாடுகளிலும் பரவிய வழக்கம். நம் ஊரில் டிரெய்லர் என்றால் கரும்பு ஏற்றிய டிராக்டர்தான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதனால் காரின் பின்னே படகைக் கோக்கும் கலை நமக்குப் புதிது.

வெள்ளத்தில் நாம் என்ன செய்தோம்? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகுகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் அது பெருநிகழ்வாயிற்று. நீண்டகரை, விழிஞ்ஞம் போன்ற கடற்கரைகளிலிருந்து லாரிகளில் படகுகள் செங்கன்னூரை நோக்கிச் சென்றன. 669 படகுகள், ஏறத்தாழ 65,000 பேர் மீட்பு என்பது அப்போது வெளியான கணக்கு. பழமொழி அன்று உவமையாக இல்லை. ஆனால் கவனியுங்கள்: அவை இழுக்கப்படவில்லை, ஏற்றப்பட்டன. தூக்கி ஏற்ற ஒரு கூட்டம் கைகள் வேண்டும். கடற்கரையில் அக்கைகள் இருந்தன. பெண்ணைக் கரைச் சிற்றூரில் நள்ளிரவில் நான்கு பேர்தான் கிடைப்பார்கள் என்றால் டிரெய்லர் வேண்டும். நண்பரின் தேர்வு இவ்விடத்தில் சரியானதே.

இத்தனையும் எழுதி, வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொரு அன்பரிடமும் விசாரித்து, நான் அனுப்பிய விடை இது. நடுத்தரப் பிக்கப் வகையில் இந்தியாவில் 2016 முதல் இசுசு வி-கிராஸும் 2022 முதல் டொயோட்டா ஹைலக்ஸும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஏணிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை, நான்கு சக்கர இழுவையும் தாழ்கியரும் கிடைக்கும். வெளிநாடுகளில் இந்த இன வண்டிகள் பிரேக் பொருத்திய டிரெய்லராயின் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளன. அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. இங்கே விற்கும் வண்டிக்கும் இங்கே பொருத்தும் கொக்கிக்கும் என்ன அளவு என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். டிரெய்லரையும் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பொலேரோ பிக்கப் ஒன்றரை டன் அளவில் முதுகில் சுமக்கும், ஊரில் எவரும் பழுது பார்ப்பார், விலையும் குறைவு. ஆனால் சேற்றுக் கரையில் படகை இறக்கி மீண்டும் மேலேறும்போது பின்சக்கரம் மட்டும் சுழலும் வண்டி வழுக்கி நிற்கக்கூடும். தாழ்கியர் அங்கேதான் காசுக்கு ஈடு செய்யும். கரியாலூர் படகுத்துறைப் பக்கம் மலையேறுவதாக இருந்தால் டிரெய்லரை மறந்துவிடலாம். கொண்டை ஊசி வளைவில் பின்னால் வருவது எப்போதும் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும், இறக்கத்தில் தள்ளும். அங்கே சிறிய படகைப் பெட்டியில் ஏற்றிச் செல்வதே நல்லது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று: படகின் எடை என்ன? இயந்திரம், எரிபொருள், டிரெய்லர் எல்லாம் சேர்த்து. படகு டிரெய்லரில் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது அத்தொழிலார் கணக்கு. குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கி இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். கூடினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரப் பிடி தளரும். வண்டிக்காரர் சொன்ன முன்பாரம்தான் இது, கழுத்துக்குப் பதில் கொக்கி.

நண்பரிடமிருந்து பதினைந்து நாள் பதில் இல்லை. பிறகு எழுதினார். படகை டிராக்டரில் கோத்து எடைமேடைக்குக் கொண்டுபோனார்களாம். எல்லாம் சேர்த்து 960 கிலோ. கொக்கி முனையைத் தனியாக அரிசிமண்டித் தராசில் வைத்தால் 30 கிலோகூட வரவில்லை. இயந்திரம் படகின் பின்புறத்தில் அல்லவா இருக்கிறது! அவர்கள் தராசைப் பார்ப்பதற்கு முன்பே, இளமையில் வண்டி ஓட்டிய அவருடைய தந்தையார் அந்த முனையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, முன்பாரமே இல்லையேடா, எப்படிடா போவும் இது?" என்றாராம்.

படகை டிரெய்லரின் மேல் ஒரு முழம் முன்னே நகர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இப்போது கொக்கியில் 70 கிலோ. வண்டி இன்னும் வாங்கவில்லை. பழைய வி-கிராஸ் ஒன்று சேலத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போகிறாராம், தந்தையாரையும் அழைத்துக்கொண்டு.